புது பிக்கப் வாங்க முதல் பழையதை ஒழுங்காகக் கேளுங்கள்

யாழ்ப்பாணத்தில் எலெக்ட்ரிக் கிற்றார் வைத்திருக்கிற எல்லாருக்கும் ஒரு பொதுப் பிரச்சினை இருக்கிறது. பிக்கப் (தந்திக்குக் கீழே இருந்து அதன் ஆட்டத்தை மின்னாக்கி அம்ப்புக்கு அனுப்புகிற துண்டு) மாற்ற ஆசை வந்தால் கடைக்குப் போய் நாலைப் பூட்டிப் பார்த்து, பிடித்ததை எடுத்துக்கொண்டு வர வழியில்லை. கொழும்பில் யாரிடமாவது சொல்லி எடுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற சொந்தக்காரர் ஒருவருடைய சூட்கேசில் சொக்லேட்டுக்கும் சேட்டுக்கும் நடுவில் அது வந்து சேர வேண்டும். வந்த பிறகு பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கவும் ஏலாது. ஆகவே யூரியூப்பில் பத்து வீடியோ பார்த்து, "அந்த மாதிரி இருக்கு" என்று முடிவெடுத்து, காசைக் கட்டி, பூட்டி, முதல் நாள் அம்ப்பைத் திறந்து அடித்து ஆகா என்று சொல்லி, ஒரு மாதத்தில் பழைய சத்தமே பரவாயில்லைப் போல இருக்கிறதே என்று யோசிக்கத் தொடங்குகிறோம்.

எனக்கு நடந்தது அதுதான். சில வருடங்களுக்கு முன் லண்டனிலிருந்து வந்த மச்சான் ஒரு செராமிக் ஹம்பக்கர் (செராமிக் காந்தம் வைத்த இரட்டைச் சுருள் பிக்கப்) கொண்டுவந்து தந்தார், நல்ல சூடான, அதாவது சத்தம் கூடின சாமான், தந்தி வந்து முடிகிற பிரிட்ஜ் பக்கத்தில் பூட்டினேன், முதல் அடியிலேயே வீடு அதிர்ந்தது. மூன்று கிழமை காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். பிறகு ஒருநாள் பழையதையும் புதியதையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து, எது எது என்று தெரியாமல் கேட்டுப் பார்த்தேன். பத்துத் தரத்தில் எட்டுத் தரம் பழையதைத்தான் நல்லது என்று சொல்லியிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து நான் பின்பற்றுகிற முறையைத்தான் கீழே எழுதுகிறேன். ஒரு பின்னேரம் காணும். லப்ரொப், கிற்றாரை அதோடு இணைக்கிற ஒரு ஓடியோ இன்ரர்ஃபேஸ், மல்டிமீற்றர், இரண்டு மூன்று காலாவதியான ஏ.ரி.எம். கார்ட், கிற்றாரில் ஆர்வமே இல்லாத ஒரு ஆள், இவ்வளவும் இருந்தால் சரி.

பிக்கப் என்றால் சைக்கிள் டைனமோதான்

தொண்ணூறுகளில் குடாநாட்டில் கரண்ட் இல்லாமல் இருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட தலைமுறைக்கு பிக்கப்பைப் பற்றி வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஒரு காந்தம், ஒரு செப்புக் கம்பிச் சுருள். காந்தப்புலம் மாற மாறச் சுருளில் மின் பிறக்கும், ஃபரடே 1831இல் கண்டது. டைனமோவில் காந்தம் சுற்றுகிறது. பிக்கப்பில் காந்தம் சும்மா இருக்க, அதனால் காந்தமேறிய உருக்குத் தந்தி மேலே ஆடுகிறது. நைலோன் தந்திக்கு இது வேலை செய்யாததும் இதனால்தான்.

ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிற்றாரில் இருக்கிற மாதிரியான சிங்கிள் கொயிலில் (ஒற்றைச் சுருள் பிக்கப்பில்) தலைமயிர் அளவு கம்பியை ஏறக்குறைய 8000 சுற்றுச் சுற்றியிருப்பார்கள். அவ்வளவு கம்பி இருந்தால் அது தந்தியை மட்டுமா பிடிக்கும்? வீட்டு வயரிங், ஃபான் ரெகுலேட்டர், பழைய ரியூப் லைற் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும். அதுதான் அந்த "உம்ம்ம்". இந்தச் சத்தத்தை ஒழிக்கத்தான் கிப்சன் கிற்றார் நிறுவனத்தில் வேலை செய்த செத் லவர் இரண்டு சுருளை எதிரெதிர்த் திசையில் சுற்றி, காந்தத்தையும் தலைகீழாக்கி வைத்தார். தந்தியின் சத்தம் கூடும், வெளியிலிருந்து வருகிற இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1957இல் லெஸ் போல் கிற்றாரில் வந்தது. ஹம்பக்கர் என்ற பெயரே அந்த உம் சத்தத்தை வைத்து வந்ததுதான். இரண்டுக்கும் நடுவில் பி-90 என்ற பிக்கப் இருக்கிறது, 1946இல் வந்தது, சிங்கிள் கொயில்தான், ஆனால் சுருள் அகலம், சத்தமும் தடிப்பு.

ஒரு சின்ன விஷயம், தெரிந்தால் உதவும். எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். அதன் இரட்டிப்பு 100 ஹேர்ட்ஸ், அது ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெற்றில் வருகிற ஜி சுரத்துக்குக் (98 ஹேர்ட்ஸ்) கிட்டத்தட்டப் பக்கத்தில் நிற்கும். அமெரிக்காவில் 60 ஹேர்ட்ஸ், ஆகவே அங்கே எடுத்த வீடியோவில் கேட்கிற உம் வேறு சுரத்தில் இருக்கும். "அவருடைய பிக்கப்பில் உம் இவ்வளவு மோசமில்லையே" என்று ஒப்பிடுவது இதனாலும் அர்த்தமில்லாத வேலை. இங்கே கரண்ட் போய் மலிவான இன்வேர்ட்டரில் ஓடும்போது உம் இன்னும் முள்ளு முள்ளாக வரும். அந்த நேரத்தில் ஒப்பீடு செய்யவே வேண்டாம்.

ஓம் கணக்கைக் கண்டு மயங்க வேண்டாம்

பிக்கப் விற்கிறவர்கள் எல்லாரும் முதலில் போடுகிற இலக்கம் தடை. 6 கிலோஓம், 8 கிலோஓம், 16 கிலோஓம். இதை சத்தத்தின் அளவு என்று எடுத்துக்கொள்கிறோம். சுற்று கூடினால் தடை கூடும், சத்தமும் கூடும், அது சரி. ஆனால் கம்பியை மெல்லியதாக்கினாலும் தடை கூடும், சத்தம் கூடாது. ஃபெண்டரின் ரெலிகாஸ்டர் கிற்றாரின் நெக் பிக்கப்பை (கழுத்துப் பக்கம் இருக்கிறதை) பாருங்கள், 43 கேஜ் என்கிற மெல்லிய கம்பி, மீற்றரில் பிரிட்ஜ் பிக்கப் அளவுக்குக் காட்டும், ஆனால் சத்தம் சாதுவானது.

இன்னொன்று, இது எங்கள் ஊர்க்காரர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. செப்பின் தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறக்குறைய 0.39 வீதம் ஏறும். 20 பாகையில் 6 கிலோஓம் காட்டுகிற சுருள் எங்களுடைய 32 பாகையில் 6.28 காட்டும். பெட்டியில் எழுதிய இலக்கத்தை விடக் கூடக் காட்டுகிறதே, ஏதோ விசேஷமாகச் சுற்றியிருக்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் சந்தோஷப்பட்டார். சித்திரை வெயில் அது.

மல்டிமீற்றர் பிரயோசனமில்லை என்று சொல்லவரவில்லை. சுருள் அறுந்திருக்கிறதா, சோல்டர் ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல வழியில்லை. கேபிளைக் கிற்றாரில் செருகி, வொலியூமை முழுக்கத் திறந்து, கேபிளின் மற்ற முனையில் அளந்தால் காணும், கிற்றாரைக் கழற்றத் தேவையில்லை. வொலியூம் பொட்டும் (வொலியூம் குமிழுக்குக் கீழே இருக்கிற மாறும் தடை) பக்கத்தில் இணைந்திருப்பதால் கொஞ்சம் குறைவாகக் காட்டும். இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதுங்கள், அன்றைய வெப்பநிலையையும் எழுதுங்கள். அவ்வளவுதான் அதன் வேலை.

டோனைத் தீர்மானிக்கிறது வேறு. சுருளுக்கு ஹென்றி என்ற அலகில் அளக்கிற தூண்டல் குணம் ஒன்று இருக்கிறது. கேபிளுக்குக் கொள்ளளவம் இருக்கிறது, ஒரு மீற்றர் நீளத்துக்கு ஏறக்குறைய 100 பிக்கோஃபரட். இரண்டும் சேர்ந்து ஒரு மீடிறனில் மேடு கட்டும், அந்த மேட்டுக்கு மேலே எல்லாம் சரசரவென்று இறங்கிவிடும். பளிச்சென்று இருக்கிறது, மந்தமாக இருக்கிறது என்று நாங்கள் சொல்வதில் பெரும்பகுதி இந்த மேடு எங்கே நிற்கிறது, எவ்வளவு உயரம் என்பதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 2.2 ஹென்றி உள்ள ஸ்ட்ராட் பிக்கப், 5 மீற்றர் கேபிள், சுருளின் சொந்தக் கொள்ளளவமாக 100 பிக்கோஃபரட் என்று வைத்தால் மேடு 4400 ஹேர்ட்ஸ் கிட்ட வரும். அதே பிக்கப், 3 மீற்றர் கேபிள்: 5400 கிட்ட. கேபிளை மாற்றினதுக்கே ஆயிரம் ஹேர்ட்ஸ் நகர்ந்துவிட்டது! 4.5 ஹென்றி உள்ள பழைய பாணி ஹம்பக்கர் 5 மீற்றர் கேபிளில் 3000 சொச்சத்தில் நிற்கும். பழையதை ஒரு கேபிளிலும் புதியதை வேறு கேபிளிலும் கேட்டுவிட்டு பிக்கப்பைப் பற்றிக் கதைக்கிறவர்கள் உண்மையில் கேபிளைப் பற்றித்தான் கதைக்கிறார்கள்.

பொட்டும் அப்படித்தான். சிங்கிள் கொயிலுக்கு வழமையாக 250 கிலோஓம், ஹம்பக்கருக்கு 500. எங்கள் குழுவில் லீட் வாசிக்கிறவர் ஸ்ட்ராட்டில் ஹம்பக்கர் பூட்டினார், பொட் 250 அப்படியே இருந்தது. போர்வைக்குள் இருந்து கத்துகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி, வந்த விலைக்கு விற்றுவிட்டார். வாங்கினவர் 500 பொட்டோடு பூட்டி இன்றைக்கும் கோயில் கோயிலாக அதைத்தான் வாசிக்கிறார்.

உயரம்

இந்தப் பகுதியை மட்டும் வாசித்தாலும் உங்களுக்குப் பாதிக் காசு மிச்சம். தந்திக்கும் பிக்கப்புக்கும் இடையிலுள்ள தூரம் அரை மில்லிமீற்றர் மாறினால் சத்தமும் மாறும், டோனும் மாறும், தந்தி நின்று ஒலிக்கிற நேரமும் மாறும். புது பிக்கப் பூட்டுகிறபோது யாரும் பழையதன் உயரத்தை அளந்து வைப்பதில்லை. ஸ்குறூவை முறுக்கி, சரி காணும் என்ற இடத்தில் விட்டுவிடுகிறார்கள். பிறகு கேட்கிற வித்தியாசம் எதனால்? தெரியாது.

அளக்கிற முறை இது. ஆறாம் தந்தியைக் கடைசி ஃபிரெற்றில் அமத்திப் பிடியுங்கள். தந்தியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் காந்த முனைக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். முதலாம் தந்திக்கும் அதேபோல. ஃபெண்டர் நிறுவனம் சாதாரண சிங்கிள் கொயிலுக்குச் சொல்கிற தொடக்க அளவு ஆறாம் தந்திப் பக்கம் ஏறக்குறைய 2 மி.மீ., முதலாம் தந்திப் பக்கம் 1.6 மி.மீ. ஹம்பக்கருக்கு இரண்டு பக்கமும் 1.6. இது சட்டம் இல்லை, தொடங்குகிற இடம்.

இந்த அளவுக்கு அடிமட்டத்தைப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது கஷ்டம். நான் செய்வது, காலாவதியான வங்கி கார்ட். உலகத்தில் எந்த வங்கி தந்தாலும் கார்ட்டின் தடிப்பு 0.76 மி.மீ.தான், அதற்குச் சர்வதேச அளவு இருக்கிறது. இரண்டைச் சேர்த்தால் 1.5, மூன்றைச் சேர்த்தால் 2.3 கிட்ட. எழுத்துப் புடைக்காத, தட்டையான கார்ட்டாகப் பாருங்கள், மூலையை வெட்டி ஒல்லியான துண்டாக்கினால் தந்திகளுக்கு இடையே மடங்காமல் போகும். கார்ட்டுகளைக் காந்த முனையின் மேல் வைத்து, தந்தியை அமத்திப் பிடித்து, தந்தி கார்ட்டைத் தொடுகிறதும் தொடாததுமாக வரும்வரை ஸ்குறூவைத் திருப்புங்கள். காசு எடுக்கிற கார்ட்டை இதற்குப் பாவிக்காதீர்கள், பிக்கப் காந்தத்தில் பின்பக்கக் கறுப்புக் கோடு கெட்டுப்போகலாம், பிறகு மெஷினுக்கு முன்னால் நின்று என்னைத் திட்டுவீர்கள்.

பலமான காந்தம் உள்ள சிங்கிள் கொயிலைக் கூடக் கிட்டக் கொண்டுபோனால், முக்கியமாக ஸ்ட்ராட்டின் நெக் பக்கத்தில், தடித்த தந்திகள் மேல் ஃபிரெற்றுகளில் சுருதி விலகி அலை அலையாக ஆடும். ரியூனர் சரி என்று சொல்லும், காது பிழை என்று சொல்லும். கிற்றாரில் பிழை, நெக் வளைந்துவிட்டது என்று திருத்தப் போகிறவர்கள் உண்டு. நெக் பக்க பிக்கப்பை ஒரு மில்லிமீற்றர் இறக்கினால் முடிகிற வேலை.

ஆகவே ஒப்பிடும்போது இரண்டு சுற்று. முதல் சுற்றில் இரண்டு பிக்கப்பும் ஒரே உயரத்தில். இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றையும் அதற்கு நல்லாய் வருகிற உயரத்தில் வைத்து. இரண்டாம் சுற்றுத்தான் நியாயமானது, ஆனால் முதல் சுற்று இல்லாமல் அங்கே போனால் எது எதனால் என்று பிடிபடாது.

மிச்சம் எல்லாவற்றையும் அசையாமல் வையுங்கள்

தந்தி. கடற்காற்று அடிக்கிற ஊரில் இருக்கிறோம், குருநகர், பாஷையூர்ப் பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம், போட்டு இரண்டு கிழமையில் தந்தி கறுக்கத் தொடங்கும், பளிச் முதலில் போகும். பழைய பிக்கப்பைப் பழைய தந்தியில் கேட்டு, பூட்டுகிற சாட்டோடு புதுத் தந்தியும் போட்டு, ஆகா பிக்கப் எப்படிப் பிரகாசிக்கிறது என்பது கிற்றார்காரர் எல்லாரும் ஒருமுறையாவது செய்த பிழை. புதுத் தந்தியைப் போட்டு, ஒருநாள் இழுபட விட்டு, பழைய பிக்கப்பைப் பதியுங்கள். அன்றே பிக்கப்பை மாற்றி, அதே தந்தியைத் திருப்பிச் சுருதி கூட்டி, புதியதைப் பதியுங்கள்.

மாற்றுகிற நேரத்தைக் குறைக்க ஒரு வழி: பிக்கப் வயரை ஒவ்வொரு தரமும் பொட்டில் சோல்டர் பண்ணாமல், வயர்மன்மார் பாவிக்கிற, ஸ்குறூ வைத்த சின்ன பிளாஸ்ரிக் கொனெக்டரைக் கிற்றாருக்குள் விட்டுவிடுங்கள். வயரை உருவி மற்றதைச் செருகி முறுக்கினால் முடிந்தது. பொட்டின் முதுகில் மூன்றாம் தரம் சூடு வைத்தால் பொட் போய்விடும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று, ஒரே இடத்தைத்தான் ஒப்பிட வேண்டும். பிரிட்ஜ் பிக்கப்பை பிரிட்ஜோடு, நெக்கை நெக்கோடு. தந்தியின் எந்த இடத்துக்குக் கீழே பிக்கப் இருக்கிறது என்பது காந்தம், கம்பி எல்லாவற்றையும் விடப் பெரிய வித்தியாசம் செய்யும். பழைய பிரிட்ஜ் பிக்கப் கீச்சிடுகிறது என்று சொல்லி நெக்குக்குப் புதியது வாங்குகிறவர் ஒருவரை எனக்குத் தெரியும், அது நான்தான், அது வேறு கதை.

பதிவு

காதின் ஞாபகத்தை நம்ப ஏலாது. ஒரு பிக்கப்பைக் கழற்றி மற்றதைப் பூட்ட அரை மணித்தியாலம் போகும், அதற்குள் முதல் கேட்ட டோன் தலையில் இருக்காது, அதைப் பற்றி நாங்கள் எங்களுக்குச் சொல்லிக்கொண்ட கதைதான் இருக்கும். பதிய வேண்டும்.

அம்ப்புக்கு முன்னால் போனை வைத்துப் பதியாதீர்கள். போன் தானாகவே சத்தத்தை ஏற்றி இறக்கிச் சமப்படுத்திவிடும், ஒப்பிட வேண்டிய விஷயமே போய்விடும். கிற்றாரை நேரே ஓடியோ இன்ரர்ஃபேசில் செருகி, வெறும் கிற்றார்ச் சத்தத்தைப் பதியுங்கள். செருகுகிற இடம் கிற்றாருக்கென்று உள்ளதாக இருக்க வேண்டும், அதன் உள்தடை 10 இலட்சம் ஓம் அளவில் இருக்கும். லைன் என்று எழுதிய துளைகளில் 10 ஆயிரம் ஓம் அளவுதான், அதில் செருகினால் கிற்றாரின் மேல் சத்தமெல்லாம் வழித்துத் துடைத்த மாதிரிப் போய்விடும். கோயில் திருவிழாவில் சவுண்ட்காரத் தம்பி கிற்றாரை நேரே மிக்சரின் லைனில் குத்திவிட்டு, "அண்ணை, உங்கட கிற்றார் கொஞ்சம் அடைச்ச மாதிரிக் கேக்குது" என்று சொல்வாரே, அது இதுதான். நடுவில், கிற்றாரை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற ஒரு டி.ஐ. பொக்ஸ் இருந்தால் பிக்கப்பை மாற்ற வேண்டிய எண்ணமே சிலருக்கு வந்திருக்காது.

இன்ரர்ஃபேசின் கெயின் பட்டனை ஒரு இடத்தில் வைத்து, மாஸ்கிங் ரேப் ஒட்டிவிடுங்கள், முழு வேலையும் முடியும்வரை தொடக்கூடாது. சத்தம் கூடின பிக்கப்பை வைத்து அந்த அளவைத் தீர்மானியுங்கள், சிவப்பு லைற் எரியக் கூடாது. லப்ரொப்பை பற்றறியில் ஓடவிடுங்கள், சார்ஜர் செருகியிருந்தால் அதன் இரைச்சலும் வரும். ஃபானை நிற்பாட்டுங்கள், வேர்க்கும்தான்.

என்ன வாசிப்பது? வேகமாக விரல் ஓட்டிக் காட்டுவதில் ஒன்றும் தெரியாது. நான் வைத்திருக்கிற வரிசை ஏறக்குறைய 40 செக்கன்: முதலில் ஒன்றும் வாசிக்காமல் ஐந்து செக்கன், உம் எவ்வளவு என்று பிறகு ஒப்பிட. பிறகு ஈ மேஜர் கோர்டை மெதுவாக நாலு தரம், கடைசித் தரம் முழுதாக அடங்கும்வரை விட்டு. பிறகு ஒவ்வொரு தந்தியிலும் பன்னிரண்டாம் ஃபிரெற்றில் ஒரு சுரம். பிறகு உள்ளங்கையால் தந்தியை அமத்தி நாலு அடி. கடைசியில் கைக்குப் பழகிய ஒரு மெட்டு, கண்ணை மூடி வாசிக்கக் கூடியது. அடிக்கிற இடம் முக்கியம், பிரிட்ஜிலிருந்து ஒரு அங்குலம் நகர்ந்தாலே டோன் வேறு. கிற்றாரின் உடலில் ஒரு துண்டு ரேப் ஒட்டி, அந்தக் கோட்டுக்கு மேலேயே பிளெக்ட்ரம் போகப் பாருங்கள்.

இனி, எல்லாரும் விடுகிற ஒரு படி. ஒவ்வொரு பிக்கப்பையும் மூன்று தரம் பதியுங்கள். எதையும் மாற்றாமல், அதே கிற்றார், அதே கை, அதே 40 செக்கன். பதிந்துவிட்டு, ஒரே பிக்கப்பின் முதல் பதிவையும் மூன்றாம் பதிவையும் முதலில் ஒப்பிட்டுக் கேளுங்கள். வித்தியாசம் கேட்கும். சில நேரம் நல்ல பெரிய வித்தியாசம். அது உங்கள் கை. இரண்டு பிக்கப்புக்கு இடையில் கேட்கிற வித்தியாசம் இதைவிடப் பெரிதாக இல்லாவிட்டால் வாங்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. நான் இதை முதன்முதல் செய்தபோது ஒரே பழைய பிக்கப்பின் இரண்டு பதிவைக் கேட்டு, ஒன்று "திறந்த" டோன், மற்றது "மூடின" டோன் என்று கொப்பியில் எழுதியிருந்தேன். அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறது.

சத்தத்தைச் சமப்படுத்தல்

எங்கள் காது சத்தம் கொஞ்சம் கூடினதை நல்லது என்று சொல்லும். ஒரு டெசிபல் கூடினாலும் போதும், சத்தம் கூடியிருக்கிறது என்று தோன்றாது, "தெளிவாக இருக்கிறது", "உயிர் இருக்கிறது" என்றுதான் தோன்றும். சூடான பிக்கப் எல்லாம் விற்பனையாவதில் பாதி இந்த ஏமாற்றில்தான்.

இலவசமாகக் கிடைக்கிற ஓடாசிற்றி என்ற பதிவு மென்பொருளில் லவுட்னஸ் நோர்மலைசேஷன் என்ற ஒன்று இருக்கிறது. பதிவுகள் எல்லாவற்றையும் அதில் ஒரே இலக்கத்துக்குக் கொண்டுவாருங்கள், நான் மைனஸ் 20 வைப்பேன். உச்ச அளவைச் சமப்படுத்துகிற மற்றப் பட்டனைப் பாவிக்காதீர்கள். அது ஒரு கூரான அடியை மட்டும் பார்க்கும், காது அப்படிக் கேட்பதில்லை. உம் சத்தத்தை ஒப்பிடுவதென்றால் அதையும் சமப்படுத்திய பிறகு ஒப்பிடுங்கள், சத்தம் குறைந்த பிக்கப்பை மேடையில் எப்படியும் ஏற்றித்தானே வைக்கப் போகிறீர்கள்.

சமப்படுத்திய பதிவுகளை அம்ப் மென்பொருள் ஒன்றுக்குள்ளால் விட்டு, ஒரே செற்றிங்கில், சுத்தமான டோனிலும் கொஞ்சம் டிஸ்டோர்ஷனிலும் எடுத்து வையுங்கள். இங்கே ஒரு மறுப்பு வரும், வரவும் வேண்டும்: சூடான பிக்கப்பின் பிரயோசனமே அம்ப்பைக் கூடத் தள்ளுகிறதுதானே, அதைச் சமப்படுத்தினால் என்ன மிச்சம்? சரிதான். ஆகவே சமப்படுத்தாத பதிவுகளையும் தனியாக ஒரு தரம் அம்ப்புக்குள்ளால் விட்டுக் கேளுங்கள். வித்தியாசம் அங்கே மட்டும்தான் கேட்கிறது, சமப்படுத்தியதில் இல்லை என்றால், உங்களுக்குத் தேவை ஒரு பூஸ்ட் பெடல். காலால் அமத்தினால் வரும், அமத்தினால் போகும்.

மருமகளும் சில்லறையும்

கடைசிப் படிக்கு இன்னொரு ஆள் வேண்டும். அக்காவின் மகளைப் பிடித்தேன், ஏ.எல். படிக்கிற பிள்ளை, கிற்றாரில் துளியும் ஆர்வமில்லை, அதற்காகவே பிடித்தேன். விறாந்தையில் லப்ரொப்பை அவளுக்கு முன்னால் வைத்து, நான் சுவரைப் பார்த்தபடி ஹெட்போனோடு இருந்தேன். அவள் ஒவ்வொரு தரமும் ஒரு ரூபாய்க் குற்றியைச் சுண்டிப் போடுவாள். தலை விழுந்தால் முதலில் பழையது, பிறகு புதியது. பூ விழுந்தால் மறுபக்கம். எது எது என்று எனக்குச் சொல்லக் கூடாது. நான் "முதலாவது" அல்லது "இரண்டாவது" என்று மட்டும் சொல்வேன், அவள் பயிற்சிக் கொப்பியின் பின்பக்கத்தில் கோடு போடுவாள். ஐந்தாம் தரத்தில் ஐஸ்கிறீம் வான் பாட்டோடு வந்து ஒழுங்கையில் நின்றுவிட்டது, அதை விட்டுத் திருப்பிச் செய்தோம். ஏழாம் தரத்தில், "மாமா, உண்மையாச் சொல்லுங்கோ, ரெண்டும் ஒண்டுதானே?" என்றாள். "இல்லைப் பிள்ளை, வடிவாக் கேள்" என்றேன். கேட்டாள். "ஒண்டு கொஞ்சம் காரமா இருக்கு" என்றாள். கிற்றார் இணையத்தளங்கள் எல்லாம் சேர்ந்து எழுதினதை விட அது சரியான விபரிப்பு.

பத்துத் தரம் செய்யுங்கள். கண்ணை மூடிக் குத்துமதிப்பாகச் சொன்னாலே பத்தில் ஏழோ அதற்கு மேலோ புதியதன் பக்கம் விழுவதற்கு ஆறு பேரில் ஒருவருக்கு வாய்ப்பிருக்கிறது, ஆகவே ஏழை வைத்து ஒன்றும் முடிவெடுக்காதீர்கள். எட்டு என்றால் பதினெட்டுப் பேரில் ஒருவருக்குத்தான் தற்செயலாக வரும், நம்பத் தொடங்கலாம். ஒன்பது என்றால் சந்தேகமே வேண்டாம், அந்தப் பிக்கப் உங்களுக்குப் பிடிக்கிறது.

கேட்கும்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்கப் பார்த்தால் குழம்பும். தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு ஒரு வழி இருக்கிறது. வலந்தலையில் விரல் விழுகிற அந்தக் கணீர், தொப்பியில் கோல் விழுகிற அந்தக் கும், இரண்டையும் பிரித்துக் கேட்க எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, இணுவிலும் அளவெட்டியும் பக்கத்தில் இருந்ததால் வந்தது. கிற்றாரிலும் அப்படிப் பிரியுங்கள். ஒரு சுற்று தடித்த தந்திகளை மட்டும்: அடி இறுக்கமாக இருக்கிறதா, குழைகிறதா? செராமிக் காந்தம் உள்ளவை அநேகமாக இறுக்கமாக வரும், பலம் குறைந்த அல்னிகோ இரண்டு என்ற உலோகக் கலவைக் காந்த வகை கொஞ்சம் குழைந்து இனிமையாக வரும், ஆனால் இதைச் சட்டமாக எடுக்காதீர்கள், சுருளும் சேர்ந்துதான் பேசும். அடுத்த சுற்று முதலாம் தந்தியை மட்டும்: பிளெக்ட்ரம் படுகிற நொடியில் குத்துகிறதா, மணி மாதிரி வருகிறதா? பிறகு கோர்ட்: ஆறு தந்தியும் தனித்தனியே தெரிகிறதா, ஒரு கட்டியாக வருகிறதா? டிஸ்டோர்ஷனில் இதை இன்னொரு தரம் கேட்க வேண்டும், சுத்தமான டோனில் அழகாக இருந்தது அங்கே கஞ்சியாகலாம்.

தனியே கேட்கும்போது வெல்கிற பிக்கப் குழுவோடு வாசிக்கும்போது தோற்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். வீட்டில் அடி முதல் நுனி வரை நிரம்பிக் கேட்பது மேடையில் பேசோடும் கீபோட்டோடும் இடித்துக்கொண்டு மறைந்துவிடும். ஒரு ஒத்திகையைப் பதிந்து வைத்திருந்தால், அதற்கு மேலே இரண்டு கிற்றார்ப் பதிவையும் மாறி மாறி வைத்துக் கேளுங்கள். எனக்கு அங்கேதான் பழையதன் அருமை விளங்கியது. நடுவில் அது விட்டுக்கொடுக்கிற இடத்தில் பாட்டுக்காரரின் குரல் வந்து உட்கார்ந்தது.

இவ்வளவும் செய்து வித்தியாசம் பிடிபடாவிட்டால், பழையதைப் பூட்டி, முதலாம் தந்திப் பக்கத்தை ஒரு கார்ட் அளவு இறக்கி, ஒரு கிழமை வாசித்துப் பாருங்கள். பிடிபட்டு, புதியது உண்மையாகவே நல்லது என்றால் இருக்கட்டும், கழற்றின பழையதை எறிய வேண்டாம். வயரை ஒட்ட வெட்டாமல், ஒரு கடதாசியில் இடம், உயரம், ஓம், வெப்பநிலை எல்லாம் எழுதிச் சுற்றி வையுங்கள். என்னுடைய செராமிக் ஹம்பக்கர் அலுமாரியில் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் இருக்கிறது: பிரிட்ஜ், இரண்டு கார்ட், 15.2, 32 பாகை. அடுத்த திருவிழாவுக்கு மச்சான் வரும்போது மட்டும் எடுத்துப் பூட்ட வேண்டியிருக்கும்.